வேகம்: லட்சுமணன்

புனே
8-6-2003

அன்புள்ள மாமாவுக்கு,

ஹரி எழுதுகிறேன். வேலையில் சேர்ந்து பத்து நாள் ஆகிவிட்டது. சாப்பாட்டுக்குக் கவலை இல்லை என்று அக்காவிடம் சொல்லுங்கள். காலை, பகல், இரவு மூன்று வேளையும் சப்பாத்தி. ஒரே அறையில் மூன்று பேர் இருக்கிறோம். நான் மூலையில் கம்ப்யூட்டரை வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுகிறேன். பையன் ஆபீஸ் வேலையை அறையிலும் பார்க்கிறான் என்று மற்ற இருவரும் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள்.

உண்மையில் நம் ஆல்பத்தை ஆரம்பித்துவிட்டேன். போன டிசம்பரில் மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ஆட்டத்துக்கு நீங்கள் மைக் செட் போட்டீர்கள், நான் ஒயர் இழுக்க வந்தேன், நினைவிருக்கிறதா? ஆறு மணி நேரம் நிற்காமல் ஓடிய அந்த டிரான்ஸ் இசையைக் கேட்டுவிட்டு நீங்கள் சொன்னது இது: "இன்னா மச்சான், பாட்டே காணோம், ஆனா குந்திக்கினு இருக்க முடியல." அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் உங்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம், ஏழு துண்டுகள், நடுவே இடைவெளி இல்லை. டெக்னோ, ஹவுஸ், சைக்கடெலிக் என்று மூன்று வகை ஆட்ட இசையும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகிற டிரான்ஸ். இத்துடன் ஒரு கேசட் இருக்கிறது. அதில் வெறும் தாளம்தான், நிமிடத்துக்கு 136 அடி. அதை உங்கள் டெக்கில் ஓடவிட்டு, கூடவே நம் கோயில் பம்பைக்காரர் பன்னீர்செல்வத்தை அடிக்கச் சொல்லி, இரண்டையும் சேர்த்து உங்கள் பேட்டரி டேப் ரிக்கார்டரில் பதிந்து அனுப்புங்கள். இன்டர்நெட்டில் அனுப்பலாம் என்றால் ஒரு துண்டுக்கு ஒரு நாள் பிடிக்கும். நமக்குத் தபால்காரர்தான் சரி.

உங்கள்
ஹரிகிருஷ்ணன்


ஸ்ரீ ஜெகதாம்பாள் சவுண்ட் சர்வீஸ்
ஏரிப்பாக்கம், திருக்கழுக்குன்றம் வழி
26-6-2003

அன்பு மச்சானுக்கு,

கேசட் இரண்டு அனுப்பியிருக்கிறேன். பார்சலைக் கட்டியது உன் அக்கா கண்ணகி. அவிழ்க்க அரிவாள் தேவைப்படும்.

பன்னீர்செல்வத்தைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "நூத்தி முப்பத்தாறு" என்று நீ சொன்னதை அவனிடம் சொன்னேன். அவன் பம்பையை இறக்கிவைத்துவிட்டு, "நம்பர்லாம் எனுக்குத் தெரியாது அண்ணாத்த. அம்மன் ஊர்வலம் போற வேகமா, சாமி எறங்குற வேகமா, அத்த சொல்லு" என்றான். உன் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "சாமி எறங்கிக்கினு கீது" என்று குச்சியை எடுத்துக்கொண்டான். அப்புறம் அவனை நிறுத்துவதுதான் பாடாகிவிட்டது.

நீ எழுதிய மூன்று வகையும் எனக்குப் புரிந்துவிட்டது. டெக்னோ என்பது நம்ம டீசல் ஜெனரேட்டர். ஹவுஸ் என்பது மாப்பிள்ளை அழைப்பு. சைக்கடெலிக் என்பது பந்தலில் சுற்றுகிற சீரியல் பல்பு. மூன்றையும் ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறாய். வரட்டும்.

ஒரு யோசனை. எடுத்தவுடன் அடிச்சத்தத்தை, அந்த பேஸை, முழுசாகத் திறந்துவிடாதே. கோயிலில் நான் செட் போட்டால் முதல் அரை மணி ஜனங்களுக்கே தெரியாமல் குமிழை நூல் நூலாகத் திருப்புவேன். பிரசாதம் வாங்க வந்தவன் ஏன் கால் ஆடுகிறது என்று தெரியாமல் ஆடிக்கொண்டிருப்பான்.

மூன்றாவது துண்டு மாலை ஆறு மணிக்குப் பதிந்தது. அதில் ஒரு சின்னக் கோளாறு. பிடிக்கவில்லை என்றால் வெட்டிப் போடு.

இப்படிக்கு
லட்சுமணன்


புனே
14-7-2003

அன்புள்ள மாமா,

வெட்டிப் போடுவதா? அதைக் கேட்டு இரண்டு நாளாக எனக்கு ஆபீஸில் வேலையே ஓடவில்லை.

கோளாறு என்று தன்னடக்கமாக எழுதிவிட்டீர்கள். நாலாவது நிமிடத்தில் தாளம் தானாக இறங்குகிறது. 136 மெல்ல 120 ஆகி, 100 ஆகி, ஏதோ பெரிய மிருகம் படுக்கப்போவது போல அடிக்குரலில் தழைகிறது. பன்னீர்செல்வம் விடாமல் கூடவே இறங்குகிறார். இதோ நின்றுவிடப் போகிறது என்று நினைக்கும்போது இழுத்துக்கொண்டு மேலே ஏறுகிறது. ஏறும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. டிரான்ஸில் வேகத்தைத் தொடவே மாட்டார்கள். முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை ஒரே வேகம்தான். அதைப் போட்டு உடைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

இங்கே இந்த வகை இசைக்கென்றே சிடி போடுகிற சின்ன கம்பெனி ஒன்று இருக்கிறது. அதன் முதலாளியிடம் போட்டுக் காட்டினேன். அவர் மூன்று முறை திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டு, இதைச் செய்தவர் யார் என்றார். என் அக்கா வீட்டுக்காரர் என்றேன். எப்படி யோசித்தார் என்று கேட்கிறார். நானும் அதையேதான் கேட்கிறேன். மாமா, எப்படி யோசித்தீர்கள்? கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.

உங்கள்
ஹரி


ஏரிப்பாக்கம்
30-7-2003

அன்பு மச்சானுக்கு,

கடிதம் கண்டேன். இரண்டு தடவை படித்தேன். உன் கம்பெனிக்காரர் விஷயம் தெரிந்தவர் போலிருக்கிறது.

எப்படி யோசித்தேன் என்றால், அதை ஒரு கடிதத்தில் அடக்க முடியாது. பதினெட்டு வருட அனுபவம் என்று வைத்துக்கொள். தேர் தெரு முனைக்கு வந்ததும் என்ன செய்கிறது? வேகத்தைக் குறைக்கிறது. கட்டை போடுகிறார்கள். ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். திரும்பியதும் வடத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தத் தெருமுனையைத்தான் நான் நாலாவது நிமிடத்தில் வைத்தேன். ஐந்தாவதில் வைக்கலாமா என்றும் பார்த்தேன், சரிப்படவில்லை. வேகத்தை ஏற்றுவதற்கு யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள் மச்சான். இறக்கத் தெரிந்தவன் நூற்றில் ஒருத்தன். இதையெல்லாம் கம்பெனிக்காரரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்.

ஊரில் ஒரே கொண்டாட்டம். உன் அக்கா பெண்களைத் திரட்டிக்கொண்டு மின்சார வாரிய ஆபீஸுக்கு நாலு தடவை மனுவோடு போய் வந்தாள். அதற்குப் பலனாகப் புது டிரான்ஸ்பார்மர் வைத்துவிட்டார்கள். ஆறு மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் வந்து எல்லாப் பம்புசெட்டும் ஓடினாலும் இனி நம் வீட்டு பல்பு மங்காது. டியூப்லைட் ஒரே தட்டில் எரிகிறது. பக்கத்து வீட்டு செல்லம்மா வீட்டில் மிக்ஸி போட்டு எல்லோருக்கும் சட்னி அரைத்துக் கொடுத்தார்கள்.

இப்படிக்கு
லட்சுமணன்


புனே
25-8-2003

அன்புள்ள மாமா,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். கம்பெனி நம் ஆல்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஐந்நூறு சிடி போடுகிறார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. ஆறு துண்டுகளும் அவருக்குப் பிடித்துவிட்டன. ஏழாவதுதான் இன்னும் இல்லை. அது பன்னிரண்டு நிமிடம் வரவேண்டும், உங்கள் தெருமுனை அதில் மூன்று முறை வரவேண்டும் என்கிறார். மூன்று முறை இறங்கி மூன்று முறை ஏறி, கடைசி ஏற்றத்தில் ஆல்பம் முடிய வேண்டும். அது இல்லாவிட்டால் இது நூற்றோடு நூற்றியொன்று என்று சொல்லிவிட்டார். தீபாவளிக்கு முன் கையில் கிடைக்க வேண்டும்.

தேர், கட்டை, வடம் எல்லாவற்றையும் நீங்கள் எழுதியபடியே அவரிடம் சொன்னேன். மனிதர் குறிப்பெடுத்துக்கொண்டார். புதுத் தாளக் கேசட் இத்துடன் வருகிறது. எனக்கு இது பெரிய விஷயம் மாமா. ஆபீஸில் நான் கம்ப்யூட்டரில் அடிப்பதெல்லாம் யாரோ ஒரு பேங்குக்குப் போகிறது. இது ஒன்றுதான் என்னுடையது, நம்முடையது.

உங்கள்
ஹரி


ஏரிப்பாக்கம்
20-9-2003

அன்பு மச்சானுக்கு,

தாமதத்துக்குக் காரணங்கள் உண்டு. பன்னீர்செல்வத்துக்கு விரலில் நகச்சுற்று. அது ஆறியதும் மழை வந்து பம்பைத் தோல் தளர்ந்துவிட்டது. அது காய்ந்ததும் எனக்கு மனநிலை சரியில்லை. கலைஞன் என்றால் அப்படித்தான், உனக்குத் தெரியாதது இல்லை.

நான் சும்மா இருக்கவில்லை. டெக்கை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் காற்றோட்டமான இடம் பார்க்கிறேன். அணுமின் நிலையத்துக்காரர்கள் குடியிருக்கிற அணுபுரம் போனேன். நல்ல ஊர், ஆனால் நம் காரியத்துக்கு உதவாது, எல்லா விளக்கும் பளிச்சென்று எரிகிறது. நேற்று கடம்பாடி தாண்டி ஒரு தோட்டத்தில் காசியம்மாள் என்கிற பெண்ணின் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மாலை ஆறு மணி வரை காத்திருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. "இன்னாத்துக்குயா என் பல்பையே பாத்துக்கினு கீறே" என்று விரட்டிவிட்டாள்.

சும்மா ஒரு தகவலுக்காகக் கேட்கிறேன், உங்கள் புனேயில் கரண்ட் எப்படி?

இப்படிக்கு
லட்சுமணன்

(மடிப்பில் வேறு கையெழுத்தில்)
தம்பி, லெட்டரை ஒட்டப்போகும்போது படித்தேன். மனம் கேட்கவில்லை, எழுதுகிறேன். அது லோ வோல்டேஜ். பம்புசெட்டெல்லாம் ஒரே நேரத்தில் ஓடியதால் டெக் சொணங்கிவிட்டது, பன்னீர்செல்வமும் அதோடு சேர்ந்து அடித்தார். நான் பக்கத்தில்தான் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். புது டிரான்ஸ்பார்மர் வந்ததிலிருந்து உன் மாமாவுக்கு இசை வரமாட்டேன் என்கிறது. மங்கலான பல்பைத் தேடித் தாலுகா முழுக்கச் சுற்றுகிறார். நீ ஒழுங்காகச் சாப்பிடு. கண்ணகி.


புனே
2-10-2003

மாமாவுக்கு,

அக்கா எழுதியதைப் படித்தேன்.

வோல்டேஜ் குறைந்தது உங்கள் தப்பில்லை. முதல் கடிதத்திலேயே கோளாறு என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், நான்தான் கேட்கவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எப்படி யோசித்தீர்கள் என்று நான் நிஜமாகக் கேட்டேன். நீங்கள் தேர் ஓட்டிவிட்டீர்கள். அதை நான் மனப்பாடம் செய்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். கம்பெனிக்காரர் உங்களை நேரில் பார்க்க ரயிலுக்கு விசாரித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் இப்போது என்ன சொல்வது? மகான் பெயர் லோ வோல்டேஜ் என்றா?

கம்ப்யூட்டரிலேயே வேகத்தை இறக்கிப் பார்த்தேன். இறங்குகிறது, ஆனால் லிப்ட் இறங்குகிற மாதிரி இருக்கிறது. அதற்கு உயிர் இல்லை. ஆறு துண்டோடு கொடுத்துப் பார்க்கிறேன். வேண்டாம் என்றுதான் சொல்வார். நீங்கள் இனி ஊர் ஊராக அலைய வேண்டாம்.

ஹரி


ஏரிப்பாக்கம்
15-10-2003

அன்பு மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தை உன் அக்காவிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டேன். ஒளிக்க இனி ஒன்றுமில்லை.

பொய் சொன்னது உண்மை. ஏன் என்று சொல்கிறேன். பதினெட்டு வருடமாக செட் போடுகிறேன். மைக் கீச்சென்று கத்தினால் ஊரே திரும்பி என்னைப் பார்க்கும். கத்தாமல் இருந்தால் நான் ஒருத்தன் இருப்பதே யாருக்கும் தெரியாது. "சவுண்டு ஏத்துப்பா, சவுண்டு எறக்குப்பா" என்று சொல்லியிருக்கிறார்கள். எப்படி யோசித்தாய் என்று என்னை ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் போய் பம்புசெட் என்று பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. உன் கோபம் நியாயம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று டெக்கைத் தூக்கி எறியத்தான் எடுத்தேன். எடுத்தவன் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பெல்ட் போட்டு ஒரு சக்கரம் சுற்றுகிறது. கட்டைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அதன் ஓரத்தை லேசாகத் தொட்டேன். தாளம் சொணங்கியது. விட்டேன், ஏறியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன் மச்சான். மத்தியானச் சோறு ஆறிப்போனது.

ஒன்பது நாள் பழகினேன். முதல் இரண்டு நாள் பெல்ட் அறுந்தது. மூன்றாம் நாள் விரலில் கொப்புளம். அழுத்தினால் நின்றுவிடும், பயந்தால் ஒன்றும் ஆகாது. ஐந்தாம் நாள் பன்னீர்செல்வத்தைக் கூப்பிட்டேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே விரலை வைத்தேன். அவன் தோள் எப்போது தளர்கிறதோ, இவன் இதற்குமேல் இறங்கமாட்டான் என்று எப்போது தெரிகிறதோ, அங்கே விடவேண்டும். கரண்டுக்கு அவன் முகம் தெரியாது. எனக்குத் தெரியும்.

பன்னிரண்டு நிமிடம், மூன்று தெருமுனை. கேசட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். இது நான் யோசித்தது. நன்றாக இல்லையென்றால் பழி முழுவதும் என் மேல்தான், மின்சார வாரியத்தின் மேல் இல்லை.

லட்சுமணன்


புனே
20-10-2003

மாமா,

கேசட் இன்று காலை வந்தது. ஆபீஸுக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது இறக்கத்தில் விரலை எடுக்காமல் வைத்திருந்தீர்கள் பாருங்கள், போச்சு, பன்னீர்செல்வம் விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். அவருடைய ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்புறம் ஏறியதே, அறையில் இருந்த மற்ற இருவரும் என்னடா ஆச்சு என்று ஹெட்போனைப் பிடுங்கிக் கேட்டார்கள். மூன்று பேரும் லுங்கியோடு ஆடினோம். கீழ்வீட்டுக்காரர் கம்பால் தட்டினார். அவருக்கும் போட்டுக் காட்டினோம்.

பழையதைவிட இது நன்றாக இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன். பழையது அதிர்ஷ்டம், இது ஆள்.

கம்பெனிக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பம்புசெட், டிரான்ஸ்பார்மர், கொப்புளம் எல்லாம். அவர் சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. பிறகு கேட்டார், சிடி உறையில் யார் யார் பெயரை எப்படிப் போடுவது என்று. இசை: ஹரிகிருஷ்ணன். பம்பை: பன்னீர்செல்வம். உங்களுக்கு என்ன போடுவது என்று யோசித்து, ‘வேகம்: லட்சுமணன்’ என்று எழுதிக் கொடுத்தேன். தமிழிலேயே அச்சடிக்கிறார்கள். பொங்கலுக்கு முன் இருபது சிடி பார்சலில் வரும்.

போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
ஹரி


ஏரிப்பாக்கம்
18-1-2004

அன்பு மச்சானுக்கு,

சிடி வந்து சேர்ந்தது. உறையில் என் பெயரைப் பார்த்தேன். எழுத்து ரொம்பச் சின்னது, பரவாயில்லை.

நேற்று காணும் பொங்கல். மாமல்லபுரம் கடற்கரையில் இந்த வருடமும் காணாமல்போன பிள்ளைகளை அறிவிக்கிற மைக் செட் நம்முடையதுதான். செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கமிருந்து வேன் வேனாக ஜனம். புளிச்சோறும் கரும்பும் வைத்துக்கொண்டு மணலே தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அறிவிப்பைப் படிப்பது உன் அக்கா. நடுவில் போட எப்போதும் சினிமா பாட்டுத்தான் எடுத்துப் போவேன். நேற்று காலை பத்து மணிக்கு நம் சிடியை விசிடி பிளேயரில் போட்டேன். யாராவது "இன்னாய்யா இது பேஜாரு, நல்ல பாட்டாப் போடு" என்று சொல்வார்கள் என்று கடைசி வரை எதிர்பார்த்தேன்.

முதல் துண்டில் யாரும் திரும்பவில்லை. நான் குமிழை நூல் நூலாகத் திருப்பினேன். இரண்டாவதில் ஒரு பெண் சோற்றுத் தட்டோடு தலையாட்ட ஆரம்பித்தாள். மூன்றாவதில் சின்னப் பிள்ளைகள் ஸ்பீக்கருக்கு முன்னால் வந்து குதித்தார்கள். ஐந்தாவதில் மதுராந்தகத்திலிருந்து வந்த வேன் டிரைவர்கள் துண்டைச் சுழற்றினார்கள். அம்மாவைக் காணோம் என்று அழுதுகொண்டு வந்த பிள்ளைகளும் ஸ்பீக்கருக்கு முன்னால் சேர்ந்துகொண்டு ஆடின. பெற்றவர்கள் தேடி வந்து கையைப் பிடித்து இழுத்தாலும் வரவில்லை. போலீஸ்காரர் ஒருத்தர் வந்தார். நிறுத்தச் சொல்லப்போகிறார் என்று குமிழில் கை வைத்தேன். "நிறுத்தாத அண்ணாத்த. காணாப்போன பசங்க அத்தினி பேரும் இங்கதான் கீறாங்க, எனுக்கு வேல மிச்சம்" என்றார்.

ஏழாவது வந்தது. முதல் தெருமுனையில் ஜனம் ஒன்றும் புரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தது. இரண்டாவதில் சிரித்தார்கள். மூன்றாவதில் தாளம் தழைந்தபோது எல்லோரும் தாமாகவே குனிந்தார்கள் மச்சான், ஸ்பீக்கர் எட்டிய தூரம் வரைக்கும். பன்னீர்செல்வம் என் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் வெச்சிக்கினே இரு, வுடாத" என்றான், நான் இப்போதுதான் விரல் வைத்திருப்பது போல. ஏறியதும் எழுந்தார்கள் பார், கடற்கரையே எழுந்தது. நான் அழுதுவிட்டேன். சொல்வதற்கு என்ன.

முடிந்ததும் "இது யார் போட்டது, யார் போட்டது" என்று நாலு பக்கமும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஒயரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். உன் அக்காவைப் பற்றி உனக்குத் தெரியும். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் என் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டை நீட்டுவாள், இல்லையென்றால் ராமர் தம்பி என்பாள். மஞ்சள் சட்டை போட்ட ஒரு பையனைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவள், பெற்றோர் மைக் செட்டுக்கு வரவும் என்று முடித்துவிட்டு, மைக்கை அணைக்காமல் இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "இப்ப ஓடுனது என் தம்பி ஹரிகிருஷ்ணன் போட்டது. பம்பை பன்னீர்செல்வம். வேகம், எங்க வூட்டுக்காரரு, லட்சுமணன்."

பதினெட்டு வருடமாக மணமக்கள் பெயர், மொய் எழுதியவர் பெயர், காணாமல்போனவர் பெயர் என்று எல்லாப் பெயரையும் என் ஸ்பீக்கர் சொல்லியிருக்கிறது. என் பெயர் அதில் வந்தது நேற்றுதான். ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது இன்னொரு தடவை சொல்லேன் என்று கேட்டேன். ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்றாள்.

இப்படிக்கு
லட்சுமணன்